தம்பிக்கும் நோட்டீஸ் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 61. 1999-இல் என் பெயரில் மதுரையில் மனை வாங்கி, வீட்டுக் கடன் போட்டு வீடு கட்டினேன். இப்போது கணவரோடு திருச்சியில் இருக்கிறேன். மதுரை வீட்டின் கீழ்த்தளத்தில் 2016 முதல் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000. முதலில் பதினோரு மாத அக்ரிமெண்ட் ஒன்று போட்டோம். அதன் பிறகு புதுப்பிக்கவே இல்லை. மாடியில் என் தம்பி குடும்பம். 2013-இல் அவன் தொழில் நொடித்தபோது, "கொஞ்ச நாள் இருந்துக்கோடா" என்று சாவியைக் கொடுத்தேன். ஒரு பைசா வாடகை வாங்கியதில்லை. அவன் தன் செலவில் ஒரு பாத்ரூம் கட்டி, மொட்டை மாடியில் ஷீட் போட்டிருக்கிறான். வருகிற ஜூன் மாதம் என் மகள் குழந்தையோடு ஊர் திரும்புகிறாள். நாங்களும் மதுரைக்கே வந்துவிட நினைக்கிறோம். முழு வீடும் வேண்டும். தம்பியோ, "பன்னிரண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, இனி யாரும் எங்களைக் கிளப்ப முடியாது" என்கிறான். "கரண்டை நிறுத்து, தானா போயிருவாங்க" என்கிறார் ஒரு சொந்தக்காரர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடலாமா? தம்பிக்கு நோட்டீஸ் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும்?

பதில்: அம்மா, ஒரே நோட்டீஸ் வேண்டாம். கீழே இருப்பவர் வாடகை கொடுத்துக் குடியிருப்பவர். மேலே இருப்பவர் உங்கள் அனுமதியில் தங்கியிருப்பவர். சட்டம் இந்த இருவரையும் வேறு வேறு இடத்தில் வைத்திருக்கிறது. நாளைக்கு வழக்கு என்று வந்தால் போக வேண்டிய நீதிமன்றமும் வேறு. ஒரே தாளில் இருவரையும் சேர்த்து எழுதினால், "எங்களுக்கும் வாடகைதாரர் என்றுதானே நோட்டீஸ் வந்தது" என்று தம்பி தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். அவருக்கு இல்லாத ஓர் உரிமையை நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் கரண்ட் யோசனையைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். கரண்டை நிறுத்துவது, தண்ணீர் மோட்டாரைப் பூட்டுவது, ஊருக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துப் பூட்டை மாற்றுவது, சாமான்களை எடுத்து வெளியே வைப்பது, இதில் எதைச் செய்தாலும் நியாயம் உங்கள் கையை விட்டுப் போய்விடும். வாடகைதாரருக்கான அத்தியாவசிய வசதிகளைத் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாட்டு வாடகைச் சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது. அதற்கு மேல், 1963-ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 6-ஆம் பிரிவு இருக்கிறது. சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அனுபவத்தை, அதாவது அந்த இடத்தில் இருக்கும் நிலையை, திரும்பக் கேட்கலாம். வீடு யாருடையது என்ற கேள்வியே அந்த வழக்கில் எழாது. நியாயமான காரணம் வைத்திருந்த வீட்டுக்காரர்கள் ஒரு பூட்டை மாற்றிவிட்டு, பதில் சொல்ல முடியாமல் நீதிமன்றத்தில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் நீங்கள் நிற்கக் கூடாது.

அடுத்து, உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மனை உங்கள் பெயரில், உங்கள் சம்பாத்தியத்தில் வாங்கியது என்கிறீர்கள். கிரையப் பத்திரம், பட்டா, சொத்து வரி ரசீது, வீட்டுக் கடன் கட்டி முடித்த கணக்கு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். புதிதாக ஒரு வில்லங்கச் சான்றும் போட்டு எடுத்துவிடுங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இது உங்கள் அப்பா வீடாக இருந்து, அவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், தம்பியும் பங்குதாரர் ஆகியிருப்பார். பங்குதாரரைக் காலி செய்யச் சொல்ல முடியாது, பாகப்பிரிவினைதான் வழி. இதைப் படிக்கும் மற்றவர்களில் பலருக்கு அந்த நிலைமைதான் இருக்கும். உங்களுக்கு அப்படி இல்லை.

சரி, இப்போது அந்தப் பன்னிரண்டு வருஷக் கதை. நம் ஊரில் ஊறிப்போன நம்பிக்கை இது. தனியார் சொத்தில் பன்னிரண்டு ஆண்டு என்ற கணக்கு, வழக்குகளுக்குக் காலக்கெடு வைக்கும் லிமிடேஷன் சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் அது, உரிமையாளரை மறுத்து, "இது என்னுடையது" என்று வெளிப்படையாக எதிர் அனுபவம் செய்தவருக்கான கணக்கு. "இருந்துக்கோ" என்று அக்கா கொடுத்த சாவியில் குடியிருப்பவருக்கு அந்தக் கடிகாரம் ஓடவே தொடங்காது. கோவாவில் உடன்பிறந்த சகோதரிக்கும் சகோதரனுக்கும் இடையே ஒரு வீட்டைப் பற்றி நடந்த வழக்கில், 2012-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. பணம் வாங்காமல் ஒருவரைத் தங்க வைத்தால், அவர் எத்தனை ஆண்டு இருந்தாலும், பத்தாண்டுக் கணக்கில் இருந்தாலும், அந்தச் சொத்தில் அவருக்கு உரிமை பிறக்காது. வீட்டு வரியையும் கரண்ட் பில்லையும் தம்பி கட்டியிருந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

ஆனால் ஒன்று. "யாரும் கிளப்ப முடியாது" என்று அவர் இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறார். அனுமதியில் இருக்கிறேன் என்பதிலிருந்து என்னுடையது என்பதற்கு நகரும் பேச்சு அது. இதைக் கேட்டுவிட்டு இன்னும் பல வருஷம் சும்மா இருப்பது நல்லதில்லை. நீங்கள் கொடுத்தது அனுமதி மட்டும்தான் என்பது எழுத்தில் பதிவாக வேண்டும். தம்பிக்கு நோட்டீஸ் அவசியம் என்று நான் சொல்வதன் முதல் காரணம் இதுதான்.

பாத்ரூம் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் தரப்பில் சட்டப்படி கொஞ்சமாவது வலுவுள்ள இடம் அது ஒன்றுதான். அனுமதியை நம்பி ஒருவர் தன் பணத்தில் நிரந்தரக் கட்டுமானம் எழுப்பியிருந்தால் அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்று 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொல்கிறது. தங்கியிருப்பவர் தன் வசதிக்காக ஒரு பாத்ரூம் கட்டிக்கொண்டதற்கும், கட்டுவதற்கென்றே இடம் கொடுத்து அதில் அவர் கட்டியதற்கும் வித்தியாசம் உண்டு. உங்களுடையது முதல் வகை என்றுதான் நான் பார்க்கிறேன். ஆனாலும் இதை வாதாடி ஜெயிப்பதைவிடப் பணத்தில் தீர்ப்பது மேல். ஒரு கொத்தனாரையோ பொறியாளரையோ கூட்டிப்போய் அந்த வேலையின் மதிப்பைப் போடச் சொல்லுங்கள். அந்தத் தொகையைக் காலி செய்யும் அன்று தருகிறேன் என்று நீங்களே முன்வந்து எழுதுங்கள். ஷீட்டை அவரே கழற்றி எடுத்துக்கொள்ளலாம். வருஷக் கணக்கில் வழக்கு நடத்தும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையாக இருக்காது. அவர் கெட்டநேரத்தில் போட்ட காசு அது, அதை மதித்தீர்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

இனி எப்படிச் சொல்வது என்பது. தம்பிக்கு முதல் செய்தி தபால்காரர் கையில் போகக் கூடாது. நீங்களே மதுரைக்குப் போங்கள். போனில் வேண்டாம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேண்டவே வேண்டாம். விசேஷ வீட்டில், நாலு பேர் முன்னால் பேசுவதும் வேண்டாம். கணவரை மட்டும் கூட்டிக்கொண்டு போய், தம்பியும் அவர் மனைவியும் இருவருமே இருக்கும் நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். தம்பி மனைவியை விட்டுவிட்டுப் பேசாதீர்கள். வீடு மாறும் பாரம் முழுக்க அவர் தலையில்தான் விழப்போகிறது, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலிருந்து பால் கார்டு வரைக்கும். என்ன காரணம், எந்தத் தேதி, நீங்கள் என்ன உதவி செய்வீர்கள், மூன்றையும் சொல்லுங்கள். "பார்த்துச் செய்யுங்க", "சீக்கிரம் ஒரு முடிவெடுங்க" என்றெல்லாம் இழுக்காதீர்கள். 2013-இல் "கொஞ்ச நாள்" என்று சொன்னது எவ்வளவு நீண்டது என்று உங்களுக்கே தெரியும். தேதி சொல்லாத பேச்சு சொந்தத்துக்குள் பேச்சாகவே எடுபடாது.

பேசிவிட்டு வந்த ஒரு வாரத்துக்குள், பேசியதையே கடிதமாக அனுப்புங்கள். முதல் கடிதம் வக்கீல் லெட்டர்ஹெட்டில் வேண்டாம். உங்கள் கையெழுத்தில், உங்கள் வார்த்தையில் இருக்கட்டும். ஏறக்குறைய இப்படி எழுதலாம்:

"அன்புள்ள தம்பிக்கு, என் கிரயப் பத்திரப்படி எனக்குச் சொந்தமான மதுரை வீட்டின் மாடிப் பகுதியில், 2013 முதல் என் அனுமதியின் பேரில், வாடகை எதுவும் இல்லாமல் நீயும் உன் குடும்பமும் இருந்து வருகிறீர்கள். அந்த வீடு இப்போது எங்களுக்கும் என் மகளுக்கும் தேவைப்படுகிறது. ஆகவே அந்த அனுமதியை மே 31-ஆம் தேதியோடு முடித்துக்கொள்கிறேன். அன்றைக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். நீ செலவு செய்து கட்டிய பாத்ரூமுக்கு மதிப்பீட்டுப்படி ஆகும் தொகையைச் சாவி வாங்கும் அன்றே தருகிறேன். புது வீட்டு அட்வான்ஸுக்கு உதவி தேவைப்பட்டால் என்னிடம் கேள்."

இதில் மூன்று சொற்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: "எனக்குச் சொந்தமான", "என் அனுமதியின் பேரில்", "வாடகை எதுவும் இல்லாமல்". மற்றதை எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். அனுமதியை ரத்து செய்தால், வெளியேறவும் சாமான்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம் தர வேண்டும் என்பது ஈஸ்மெண்ட் சட்டத்தின் 63-ஆம் பிரிவு. இத்தனை நாள் என்று கணக்குச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் இருந்த குடும்பத்துக்குப் பதினைந்து நாள் நியாயம் ஆகாது. மூன்று, நான்கு மாதம் கொடுத்தால் எந்த நீதிபதியும் குறை சொல்லமாட்டார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். "போகும் வரைக்கும் மாசம் ஏதாவது கொடு" என்று இடையில் தம்பியிடம் வாடகை வாங்கிவிடாதீர்கள். வாங்கிய நாளிலிருந்து அவரும் வாடகைதாரர் என்ற வாதம் முளைத்துவிடும்.

கீழ்வீட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. உங்கள் வீடு மாநகராட்சிக்குள் இருப்பதால் அது உங்களுக்குப் பொருந்தும். வாடகை என்றால் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர்தான் அந்த அதிகாரி. பதிவை இணையத்திலேயே செய்யலாம். "பதினோரு மாசத்துக்குப் போட்டால் பதிவு வேண்டாம்" என்ற பழைய வழக்கம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற விதியிலிருந்து தப்பிக்க வந்தது. புதுச் சட்டத்துக்கு அது செல்லாது. எழுத்து ஒப்பந்தம் போடத் தவறியதே காலி செய்யக் கோருவதற்கு ஒரு காரணம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. உங்கள் சொந்தத் தேவையையும் சேர்த்துச் சொல்லலாம். வாடகை ஒழுங்காக வருகிறது என்பதால் பாக்கி என்ற பேச்சே எடுக்காதீர்கள். இல்லாத குற்றத்தைச் சேர்த்தால் உண்மையான காரணமும் நம்பப்படாது.

2016-இல் போட்ட அந்தப் பழைய அக்ரிமெண்டைத் தேடி எடுங்கள். காலி செய்ய எத்தனை மாத அவகாசம் என்று அதில் ஒரு வரி இருக்கும். இருந்தால் அதற்குக் குறையாமல் கொடுங்கள். எதுவும் எழுதாத மாத வாடகைக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ் என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு. அது குறைந்தபட்சம்தான். இத்தனை வருஷம் தேதி தவறாமல் வாடகை கொடுத்த குடும்பத்துக்கு நீங்கள் தம்பிக்குக் கொடுக்கும் அதே மே 31-ஐக் கொடுங்கள். இப்போது தை. பரீட்சை முடிந்து பள்ளி விடுமுறையில் மாறினால் பிள்ளைகளுக்கு நல்லது. ஜூலைக்குத் தள்ளினால் ஆடி வந்துவிடும், "ஆடியில் வீடு மாறமாட்டோம்" என்பார்கள், அதைக் கேட்டு நீங்கள் கோபப்பட்டுப் பயனில்லை. நாள் குறிக்கும்போதே இதையெல்லாம் பார்த்துக் குறித்தால் பாதிச் சண்டை வராது.

நோட்டீஸில் வாடகைதாரர் பெயர், வீட்டின் முழு முகவரி, எந்தப் பகுதி, மாத வாடகை, அட்வான்ஸ் தொகை, எந்த நாளோடு வாடகை உறவு முடிகிறது, ஏன் வீடு வேண்டும், அட்வான்ஸை எப்போது தருவீர்கள், எல்லாம் இருக்கட்டும். தபாலில் ஒப்புகையோடு அனுப்புங்கள். வாங்க மறுத்தார்கள் என்றோ, பூட்டியிருந்தது என்றோ உறை திரும்பி வந்தால் அதைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். முகவரி சரியாக இருந்தால் அந்த மூடிய உறையே உங்களுக்குச் சாட்சி. வாட்ஸ்அப்பில் ஒரு படம் கூடுதலாக அனுப்பலாம். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அட்வான்ஸ் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிற வாடகைத் தகராறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் சிக்கிக்கொள்கின்றன. அவர்கள் கொடுத்த 60,000 ரூபாய் எப்போதோ உங்கள் வீட்டுச் செலவில் கலந்துபோயிருக்கும். அவர்களோ அதை நம்பித்தான் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். "முதலில் காலி பண்ணுங்க, அப்புறம் தர்றேன்" என்று நீங்கள், "கையில் பணம் வந்தால்தான் வீடு பார்க்க முடியும்" என்று அவர்கள், இப்படியே மாதங்கள் ஓடும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்ப வேண்டும் என்பது சட்டம். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றிலிருந்தே அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். அவர்கள் வேறு வீடு பேசி முடித்ததும் பாதியை வங்கி வழியாக அனுப்பி, மீதியைச் சாவி வாங்கும் நேரத்தில் கொடுங்கள். ஒன்பது வருஷத்துச் சுவர் அழுக்குக்கு வெள்ளையடிக்கும் காசைப் பிடிக்காதீர்கள். அது குடியிருந்ததன் சாதாரணத் தேய்மானம். உடைந்த வாஷ்பேசின், கட்டாத கரண்ட் பில் என்றால் பிடிக்கலாம், ரசீதோடு.

மே 31 தாண்டியும் கீழ்வீட்டார் போகவில்லை என்றால் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். வாடகை முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருக்கும் காலத்துக்கு மாத வாடகையைப் போல இரண்டு மடங்கு இழப்பீடு கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. அந்தக் காலத்தில் உங்கள் வங்கிக் கணக்குக்கு வழக்கமான 9,000 வந்து விழுந்தால், "குடியிருந்ததற்கான ஈடாக மட்டும் இதைப் பெறுகிறேன், காலி கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று உடனே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பேசாமல் வாங்கிக்கொண்டே இருந்தால், நோட்டீஸை நீங்களே கைவிட்டதாக வாதிடுவார்கள்.

தம்பிக்கு வாடகை நீதிமன்றம் பொருந்தாது. அவர் வாடகைதாரர் அல்ல. சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். அதற்கு முன் மதுரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதுங்கள். வழக்குப் போடாமலேயே இருதரப்பையும் அழைத்துப் பேசவைப்பார்கள். பெண் என்பதால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தரும் உரிமை அது. கூச்சப்படாமல் கேளுங்கள். அங்கே ஏற்படும் சமரசம் லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் தீர்வாகப் பதிவானால் சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீலும் கிடையாது. காவல் நிலையத்தில் வைத்துப் பேசி முடிக்கிறேன் என்று யாராவது வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். வீட்டைக் காலி செய்து தருவது காவல் நிலையத்தின் வேலையே கிடையாது. அங்கே வைத்துத் தம்பியை அவமானப்படுத்தினால், அதற்குப் பிறகு அவர் எந்தச் சமரசத்துக்கும் உட்காரமாட்டார்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், "தம்பிக்கு நோட்டீஸ் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும்" என்றும் கேட்டிருந்தீர்கள். இத்தனை வருஷம் வாடகையில்லாமல் வீடு கொடுத்தவர் நீங்கள். நான்கு மாதம் முன்னாலேயே தேதி சொல்லி, பாத்ரூம் கட்டிய காசையும் தந்து, முகத்துக்கு நேராகப் பேசிவிட்டுக் கடிதம் தருகிறீர்கள். இதில் மறைக்க வேண்டியது ஒன்றும் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் கரண்டை நிறுத்தியிருந்தால்தான் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சாவி வாங்கும் நாளில் நீங்கள் கட்டாயம் அங்கே இருங்கள். கரண்ட் மீட்டர் அளவைக் குறித்து, ஒவ்வோர் அறையையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "இன்று காலி செய்து சாவி ஒப்படைத்தேன், எனக்குச் சேர வேண்டிய தொகையைப் பெற்றுக்கொண்டேன்" என்று இரண்டு வரி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். தம்பியிடமும் வாங்குங்கள். அந்த முகவரியில் இருக்கும் ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, ஆதார் மூன்றையும் புது முகவரிக்கு மாற்ற அவருக்கு ஒரு மாதம் கொடுங்கள். அதுவரை அவர்கள் பெயருக்கு வரும் தபாலை வாங்கி வைத்துக் கொடுங்கள்.